மொளகா போடாத படையல்

முனிசாமிக்கு ஆஸ்பத்திரின்னா பயம் கெடையாது. தெரிஞ்ச மூஞ்சி எதுனா அங்க இருந்து தொலைக்கப் போவுதேன்னுதான் பயம். காஞ்சிபுரத்துல இருவத்தஞ்சி வருஷமா பந்தலு, சேரு, அண்டா குண்டா வாடகைக்கு வுடுற மனுஷன். எந்தத் தெருவுல நொழைஞ்சாலும் "வாங்க பந்தல்காரரே"ன்னு நாலு பேரு கூப்புடுவாங்க. அப்பேர்ப்பட்ட ஆளு, பொண்ணு சந்தியாவை மனநல டாக்டராண்ட இட்டுக்கினு வந்து, தலையில துண்டைப் போட்டுக்கினு வரிசையில குந்திக்கினு இருந்தாரு. திருடன்கூட அப்பிடிக் குந்தமாட்டான்.

சந்தியாவுக்கு இருவத்திமூணு வயசு. ஒரகடத்துல கம்பெனி வேலை. மூணு மாசமா வேலைக்குப் போவல, தலை சீவல, சோறு வச்சா வச்ச எடத்துலயே காயுது. செவுத்தைப் பாத்துக்கினு படுத்தே கெடந்துது. "சோம்பேறிக் கழுதை, நாலு பேரு இன்னா பேசுவாங்க, எழுந்து வேலையைப் பாரு"ன்னு முனிசாமி கத்துனதைத் தெருவே கேட்டுது. மாகறல் கோயிலுக்குப் போயி அர்ச்சனையும் பண்ணியாச்சு. போன ஞாயித்துக்கெழம அம்மாக்காரி காந்தா தலை வாரி வுட்டுக்கினு இருந்தப்ப, "நான் இல்லாம பூட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதிமா"ன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. கடைக்குப் போயிட்டு வரேன்னு சொல்ற மாதிரி சாதாரணமா சொல்லிச்சு. காந்தா சீப்பைக் கீழ போட்டுட்டா. "நீ இட்டுக்கினு போறியா, இல்ல நான் போவட்டா?"ன்னு புருஷனை ஒரே கேள்விதான் கேட்டா.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. எல்லாத்தையும் பொறுமையா கேட்டு எழுதிக்கினே வந்தாங்க. சாவணும்னு தோணுதாம்மான்னு நேராவே கேட்டாங்க. சந்தியா ஆமான்னு தலையை ஆட்டிச்சு. அப்புறம் டாக்டரம்மா அவரு பக்கம் திரும்புனாங்க.

"உங்க குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சாங்க? யாராவது தானா உயிரை விட்டிருக்காங்களா?"

"எங்க வூட்லயா? சேச்சே! அதெல்லாம் யாரும் கெடையாதுங்க."

வாய் கூசாம சொன்னாரு. பச்சைப் பொய்.

தேவேந்திரன்னு ஒரு தம்பி இருந்தான். கூலிக்குத் தறி நெய்யறவன். கடைசி ரெண்டு மாசம் தறிக்குழியில காலை வுட்டுக்கினு, நூல் ஓட்டுற நாடாவைக் கையில புடிச்சிக்கினு, ஒரு இழை ஓட்டாம பொழுதன்னைக்கும் குந்திக்கினு இருப்பான். ஒரு நாள் உசுரை மாச்சிக்கினான். சந்தியா அப்ப கைக்கொழந்தை. தங்கச்சி துர்காவுக்குத் தென்னேரியில கல்யாணம் பேசி, இன்னும் நாப்பது நாள்தான் இருந்துது. பைத்தியக்காரக் குடும்பம்னு பேரு வந்துட்டா எவன் தாலி கட்டுவான்? "தீராத வயித்துவலிங்க, தாங்காம பண்ணிக்கினான்"னு முனிசாமி கேட்டவங்ககிட்டல்லாம் சொன்னாரு. போவப் போவ, அவனா உசுரை வுட்டான்றதும் மறைஞ்சி, வெறும் வயித்துவலியில செத்தான்னு ஆயிப்போச்சு. சந்தியாவுக்கும் அதான் தெரியும்.

பொய்யும் புள்ளை மாதிரி வளந்துது. வருஷா வருஷம் ஆடி மாசம் தேவேந்திரனுக்குப் படையல் போடறப்ப, வயித்துக்கு ஆவாதுன்னு மொளகா போடாம கொழம்பு வைக்கிறது வழக்கமாப் போச்சு. அந்தப் பையன் கண்ணுல தண்ணி ஊத்த ஊத்தக் கருவாட்டுக் கொழம்பு துன்னவன். செத்தவன் நாக்கையும் கட்டிப்போட்டாரு இந்த மனுஷன்.

மருந்து வாங்குற வரிசையில நின்னப்ப, பயந்த மாதிரியே ஒரு தெரிஞ்ச மூஞ்சி எதுக்க வந்துது. பக்கத்துத் தெரு லில்லி.

"இன்னா பந்தல்காரரே, யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"பொண்ணுக்குத்தாம்மா. வயித்துவலி."

சொன்ன வாயி அப்பிடியே நின்னுபோச்சு. செத்தவனுக்குச் சொன்ன அதே வார்த்தை. பக்கத்துல உசுரோட நிக்கிற பொண்ணுக்கும் அதையே சொல்லிட்டாரு.

லில்லி அந்தாண்ட போனதும் சந்தியா மெதுவா சொல்லிச்சு. "நம்ம வூட்ல யாருக்கும் இல்லாதது எனுக்கு மட்டும் வந்துக்குது. என்னாலதான உனுக்கு அசிங்கம், இல்லப்பா?"

அசிங்கமாம்! யாரும்மா இங்க அசிங்கம்? முனிசாமிக்குத் தன் மூஞ்சியில தானே காறித் துப்பிக்கலாம் போல இருந்துது. பொண்ணு கையைப் புடிச்சி இழுத்துக்கினு திரும்பி நடந்தாரு. "யோவ், நாங்கல்லாம் மனுஷங்க இல்லியா?"ன்னு வரிசையில இருந்தவங்க சத்தம் போடப் போட, டாக்டரம்மா ரூம் கதவைத் தள்ளிட்டாரு.

"பொய் சொல்லிட்டேம்மா. என் தம்பி இருந்தான். அவனாதான் உசுரை வுட்டான். வயித்துவலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இதோ, இவளை மாதிரியேதான் எதுலயும் மனசு இல்லாம கெடந்தான். அதான் அவனைக் கொண்டு பூடுச்சு."

வெளிய இருந்த வரிசைக்கே கேட்டுது. கேட்டா கேக்கட்டும்.

டாக்டரம்மா திட்டல. எழுதிக்கினாங்க. "சக்கரை மாதிரி இதுவும் சில குடும்பத்துல வரும். இப்பவாவது சொன்னீங்களே"ன்னாங்க. அப்புறம் சந்தியாவைப் பாத்து, "சாவலாம்னு தோணுறதே இந்த நோயோட வேலைதாம்மா. நோய் கொறைஞ்சா அந்த நெனப்பும் கொறையும். அதுவரைக்கும் தனியா இருக்காத. அந்த நெனப்பு வந்தா வீட்ல சொல்லு, இல்ல ஒடனே இங்க வா"ன்னாங்க.

வெளிய வந்து ரெண்டு பேரும் பெஞ்சுல குந்துனாங்க.

"சித்தப்பாவும் நெசமா என்னை மாதிரியே இருந்தாராப்பா?"

"ஆமாம்மா."

"நீ இன்னா சொன்ன அவராண்ட?"

முனிசாமிக்குத் தலை நிமிரல. "உன்னாண்ட சொன்னதைத்தாம்மா அவனாண்டயும் சொன்னேன். சோம்பேறிக் கழுதைன்னு."

சந்தியா மருந்துச் சீட்டை மடிச்சி மடிச்சிப் பிரிச்சிக்கினு இருந்துது.

"அப்ப மொளகா போடாத கொழம்பும் பொய்தானா?"

"காரம்னா உசுரும்மா அவனுக்கு."

"இந்த ஆடிக்குக் காரமா வைக்கச் சொல்லுப்பா அம்மாவை. நானும் கூடக் குந்தித் துன்றேன்."

ஆடிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருந்துது. முனிசாமி தலையில இருந்த துண்டை உருவி மடியில போட்டுக்கினு, வாய் வுட்டு அழுதாரு. வரிசை மொத்தமும் திரும்பிப் பாத்துது. திரும்பி வந்துக்கினு இருந்த லில்லியும் பாத்தா. அவரு மூஞ்சியை மறைச்சிக்கல.