ரம்பத்தூள்

...எண்ணெய் மாற்றினால் வண்டி கெட்டுப்போகுமா, எந்த ஊர் நியாயம் இது, யூஜின் டிராக்டரின் அடியில் மல்லாந்து கிடந்தபடி கியர்பெட்டியின் அடித்திருகை மூன்றாம் முறையாக இறுக்கிப் பார்த்தான், அசையவில்லை, நேற்று சாயங்காலம் இறுக்கியபடியே இருக்கிறது, எண்ணெயின் அளவும் சரி, கியருக்கென்றே வருகிற கெட்டி எண்ணெய், டின்னின் சீலை உடைத்தது அவன் கைதான்... பிறகு ஏன் இந்தச் சத்தம், வாய் நிறையக் கல்லைப் போட்டு மெல்லுகிற மாதிரி. காலையில் பண்ணை முதலாளி சந்தானம் சார் ஒரு காலைக் காருக்குள் வைத்துக்கொண்டு, முகத்தைக்கூடத் திருப்பாமல் சொன்னார். "நீ கை வைக்கற வரைக்கும் நன்னாத்தானே இருந்தது? பதினோரு மணிக்கு வரேன். அதுக்குள்ள சத்தம் நிக்கலேன்னா உன் பெட்டியை எடுத்துண்டு கிளம்பு." கை வைக்கற வரைக்கும்! இவர் கை வைத்தது எதில், சர்க்கார் பேனாவிலும் பென்ஷன் காகிதத்திலும். இந்த ஆளை நம்பியா பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பை விட்டான், பிரேசர் டவுனில் பெண்டாட்டியை விட்டுவிட்டு இந்த வைட்ஃபீல்ட் பொட்டலில் தகரக் கொட்டகையில் படுத்தான்... விட்ட இடத்தில் இப்போது வேறு ஆள். எண்ணெய் மாற்றத் தெரியாத மேஸ்திரி என்ற பெயரோடு போனால் எவன் சேர்ப்பான்?

புங்க மரத்தடியில் குந்தியிருந்த நாணு, டிராக்டர் ஓட்டுகிறவன், ஐம்பது வயசுக்கு வாய் மட்டும் இருபது, பீடியை எடுக்காமலே கேட்டான், "மேஸ்திரி, எண்ணெய மாத்தினீங்களா, வண்டியையே மாத்திட்டீங்களா?" சிரிப்பு வேறு. இவனை அறையலாம், அறைந்தால் ஹேண்டிலைச் சுற்ற யார் இருக்கிறார்கள், சுற்றுடா என்றான், நாணு சுற்றினான், எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது. யூஜின் ஏறி உட்கார்ந்து கிளச்சை மிதித்தான், சத்தம் நின்றது. காலை எடுத்தான், கரகரவென்று வந்தது. மிதித்தால் இல்லை, விட்டால் உண்டு, ஆக எஞ்சின் சுத்தம், கோளாறு பெட்டிக்குள்தான். நாணுவை மேலே ஏற்றி, கிளச்சைத் தொடாதே என்று உட்காரவைத்துவிட்டு இறங்கினான், திருப்புளியின் முனையைப் பெட்டியின் முன்பக்கம் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டினான், சாதாரண இரைச்சல், பின்பக்கம் நகர்த்தினான், காதுக்குள் யாரோ சரளையை அள்ளிக் கொட்டினார்கள். பேரிங் போயிருக்கிறது. பல்லும் தேய்ந்திருக்கிறது. ஆனால் இது ஒரு ராத்திரியில் தேய்கிற தேய்மானமா, வருஷக்கணக்கில் தின்றது, அப்படியானால் நேற்று வரை எங்கே போயிருந்தது இந்தச் சத்தம், யார் அதன் வாயைப் பொத்தி வைத்திருந்தார்கள்?

பொத்தி... எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, பழைய எண்ணெய் எங்கே என்றான். வேலிக் கம்புக்குப் பூச எடுத்து வைத்திருப்பதாக நாணு சொன்னான், கரையான் வராதாம். நேற்று வடித்தபோது இருட்டிக்கொண்டு வந்தது, சூட்டோடு சூடாக இவன் டின்னைத் தூக்கிப் போய்விட்டான், யூஜின் பார்க்கவேயில்லை. இப்போது டின்னைச் சாய்த்தான், மேலே கறுப்பு, அடியில் களி மாதிரி ஏதோ திரண்டு கிடந்தது, விரலால் தோண்டி, மண்ணெண்ணெயில் அலசி, வெயிலில் பிரித்தான். தூள். நார் நாராக. ரம்பத்தூள்! திருட்டுப் பயல்கள், தேய்ந்த பல்லுக்கு நடுவே மெத்தை போட்டுச் சத்தத்தை அமுக்கி நம் தலையில் கட்டியிருக்கிறான் விற்றவன், அவன் குடி விளங்குமா, வரட்டும் சந்தானம் சார், இந்தக் களியை அவர் உள்ளங்கையில் வைத்து, பாருங்க சார், என் கையா, எவன் கைன்னு பாருங்க... நாணுவிடம் நீட்டினான். நாணு மோந்து பார்த்துத் தலையை ஆட்டினான். "அப்ப பழசையே ஊத்திடுங்க. சாருக்கு வேண்டியது சத்தம் நிக்கணும், அவ்வளவுதானே." பிறகு, குத்தலே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள, "ஆமா, வாங்கறப்ப இதப் பாத்து சொன்னது யாரு மேஸ்திரி?"

யாரு. நாலு மாசத்துக்கு முன்னால், விற்கிறவன் பங்களா வாசலில், பீங்கான் கோப்பையில் காபி கொடுத்தார்கள், சந்தானம் சார் இவன் தோளைத் தொட்டு, எங்க இன்ஜினியர் சொல்லட்டும், அவர் சொன்னா வாங்கிக்கறேன் என்றார். இன்ஜினியர். அவர். அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை, அதற்கப்புறம் அவரும் சொல்லவில்லை. குனிந்து காது வைத்துப் பார்த்தானா, இல்லை, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பாட்டு மாதிரி ஓடுது சார் என்றான். எட்டு வருஷம் உழுத பெட்டி இத்தனை அமைதியாக இருக்குமா என்று ஒரு நொடி தோன்றியதே... தோன்றவில்லையா? இல்லை, தோன்றியது, கோப்பையைத் தட்டில் வைக்கும்போது தோன்றியது. அப்படியானால் களியைக் காட்டினால் எண்ணெய்க் குற்றம் போகும், வாங்கச் சொன்ன குற்றம் நிற்கும். காட்டாமல் பழசையே ஊற்றினால் வேலை தங்கும், பேரிங் உடைகிற வரை, ஒரு மாசமோ ஒரு உழவோ, அது உடையும்போது மேலே உட்கார்ந்திருக்கப் போகிறவன் நாணு. இவ்வளவு நேரம் யாரைத் திட்டிக்கொண்டிருந்தான்?

நாணு அதற்குள் ஸ்பேனரோடு அடியில் புகுந்துவிட்டான், கால் இரண்டும் வெளியே தெரிந்தன. "திருகக் கழட்டட்டுமா மேஸ்திரி, பழச ஊத்திடலாம், மணி பத்தாகுது," என்றான். யூஜின் வாயைத் திறந்தான். அன்றைக்கும் இப்படித்தான், கேட்டுவிட்டுக் காத்திருந்தார்கள், எதைச் சொன்னால் அவர்கள் முகம் மலரும் என்பது இவனுக்குத் தெரிந்திருந்தது...