ஆறு கட்டிலுக்கு ஒரு துணி

"அந்தத் துணியைக் கீழே போடுங்க, அம்சவல்லி."

"போடறேன் சிஸ்டர், இந்த ஓரத்துல மட்டும் கசியுது, அதை ஒரு..."

"ஓரமும் வேணாம், நடுவும் வேணாம். கையை எடுங்கன்னா எடுங்க."

"எடுத்துட்டா யாரு தொடைப்பா? கட்டில் முப்பது, நீங்க ஒத்தை ஆளு..."

"ஒத்தை ஆளுதான். அதுக்காக நீங்க..."

"அதுக்காகத்தானே செய்யறேன். கூலியா கேட்டேன்?"

"கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை. முதல்ல இந்தக் காகிதத்தைப் பாருங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சே நீட்டுறீங்க பாருங்க."

நர்ஸ் கமருன்னிஸா காகிதத்தை மடக்கிக்கொண்டாள். கூத்தாநல்லூர்க்காரி, வார்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷம். அவள் அதட்டினால் அடுத்த வார்டில் இருக்கிறவன் எழுந்து உட்காருவான். இன்றைக்குக் குரல் தணிந்திருந்தது. துடைத்துக்கொண்டிருந்த அம்சவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆறாம் கட்டில் உங்க வீட்டுக்காரர். ஏழாம் கட்டில் அரசப்பன். ரெண்டு பேர் சீழையும் சோதிச்சுப் பார்த்துட்டாங்க. ரெண்டுலயும் ஒரே கிருமி. அஞ்சு மருந்துக்கு அடங்காத கிருமி. உங்க ஊர்லேர்ந்து வந்ததில்லை இது. இங்கேயே குடியிருக்கிறது."

"அதுக்கு?"

"வெள்ளிக்கிழமை அவரோட காலையே எடுத்துடலாம்னு பேசிக்கிறாங்க."

அம்சவல்லியின் கையிலிருந்த துணி தானாகக் கீழே விழுந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம் தை அறுப்பில் வந்த வினை அது. நன்னிலத்துக்குத் தெற்கே ஒரு பண்ணையில் கூலித் தகராறு முற்றி, வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து வயலில் இறக்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் வரப்பில் கொடியை நட்டுவிட்டு மறித்து நின்றார்கள். யார் வீசிய கம்பு என்று இன்றுவரை தெரியாது. மறித்து நின்ற அம்சவல்லியின் புருஷன் மருதையனுக்குக் கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து எலும்பு வெளியே தெரிந்தது. இங்கே தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து எஃகுத் தகடு வைத்து முடுக்கினார்கள். புண் நன்றாகத்தான் ஆறிக்கொண்டு வந்தது. சுண்டுவிரல் அகலம்தான் மூட வேண்டியிருந்தது.

மாசியில் டிராக்டர் கவிழ்ந்து தொடை கிழிந்து ஒருவர் அடுத்த கட்டிலுக்கு வந்தார். பார்த்தால், லாரியில் ஆள் கொண்டுவந்த அதே பண்ணை ஏஜெண்டு அரசப்பன். அவர் மனைவி ராசம்மாளுக்கு ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். ஒரு நாள் கட்டைப் பிரித்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். அவளைத் தூக்கி உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்த கையோடு, அம்சவல்லியே அந்தப் புண்ணையும் துடைத்துவிட்டாள்.

அவள் பழக்கம் அது. நடவில் பக்கத்தில் நிற்கிறவள் பின்தங்கினால் அவள் பங்கிலும் நாலு குத்து நாற்று வைத்துக்கொண்டு போவாள். வரிசை கோணக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு வந்தும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு பேசின் வெந்நீர், பழைய வேட்டியில் கிழித்த ஒரு துணி. காலையில் ஏழாம் கட்டிலில் தொடங்கினால் இரண்டாம் கட்டில் வரைக்கும் ஆறு பேர் புண்ணையும் துடைத்துவிட்டுத்தான் காப்பி.

மருதையன் முறைத்தான். "எனக்கு அடி வாங்கிக் குடுத்தவனைத் தொட்ட கையோட என்கிட்ட வராதே."

"அவரு புண்ணு உங்களை என்ன பண்ணுச்சு?"

"வராதேன்னா வராதே."

"சரி, சுவரைப் பார்த்துப் படுத்துக்குங்க," என்று சிரித்துக்கொண்டே அதே பேசினில் துணியை முக்கிப் பிழிந்தாள். அடுத்த வாரம் மருதையனுக்குக் காய்ச்சல் கண்டது. சுண்டுவிரல் அகலப் புண் சீழ் கட்டியது.

இதெல்லாம் இப்போது அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. வராந்தாவில் கமருன்னிஸாவின் பின்னாலேயே போனாள்.

"ஊசி போட்டா காயுது சிஸ்டர். நிறுத்தினா பத்து நாள்ல திரும்ப வருது. மூணு தடவை ஆச்சு. மருந்து பொய்யா?"

"மருந்து பொய்யில்லை. இந்தக் கிருமி பழகின கிருமி. வருஷக்கணக்கா எத்தனை பேருக்கு இங்க ஊசி போட்டிருப்போம். அதுல தப்பிச்சது பெத்த பிள்ளைங்கதான் இப்ப வார்டுல இருக்கிறது. சிலதுக்கு மருந்தை உடைச்சுப் போடவே தெரியும்."

"அப்ப காயறது எப்படி?"

"ஒண்ணு ரெண்டு மருந்துக்கு இன்னும் சாகுது. ஆனா வளருற கிருமிதான் சாகும். கொஞ்சம் அந்தத் தகட்டுல போய் ஒட்டிக்கும். வழவழன்னு மேல ஒரு போர்வையைப் போர்த்திக்கிட்டு, வளராம, திங்காம, சும்மா கிடக்கும். தூங்குறதை மருந்து ஒண்ணும் செய்யாது. நாம ஊசியை நிறுத்தினதும் எந்திரிச்சு உட்காரும்."

அம்சவல்லி நின்றுவிட்டாள். "கோரை."

"என்னது?"

"வயல்ல முளைக்குமே சிஸ்டர், கோரைப்புல்லு."

"நான் கடைத்தெருவுல வளர்ந்தவ. எனக்கு நெல்லும் ஒண்ணுதான், புல்லும் ஒண்ணுதான். சொல்லுங்க."

"மேல பறிச்சா வயல் சுத்தமாயிட்ட மாதிரி இருக்கும். மண்ணுக்குள்ள கிழங்கு கிடக்கும், கறுப்பா, கொட்டை மாதிரி. பத்தே நாள்ல பழையபடி தலையை நீட்டும். கொத்தி, கிழங்கைப் பொறுக்கி வரப்புல போட்டாத்தான் ஓயும். சிஸ்டர், கோரை முளைச்சதுக்காக வயலையே வெட்டி எறியறாங்களே இவங்க. அந்தத் தகட்டை எடுக்க முடியாதா?"

"எலும்பு கூடியிருந்தா எடுக்கலாம். கூடலைன்னா கால் தொங்கிடும்."

"கூடியிருக்கான்னு யாரு பார்த்தா?"

கமருன்னிஸா மடக்கிய காகிதத்தை மறுபடி பிரித்துப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று டாக்டர் அறைக்குள் போனாள். உள்ளே டாக்டர் குரல் உயர்ந்தது, அவள் குரலும் உயர்ந்தது. வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"நாளைக்குப் படம் எடுக்கிறாங்க. எனக்கு எப்பத்திலேர்ந்து எலும்பு வைத்தியம் தெரியும்னு கேட்டாரு. களை எடுக்கிற ஆளு சொன்னாங்கன்னேன்."

அம்சவல்லி அவள் கையைப் பிடிக்கப் போய், சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டாள். "சிஸ்டர், ஒண்ணு கேக்கறேன். அவர் காலுக்கு அது என் கையாலதான் போச்சா?"

"உங்க கையா இருக்கலாம். என் கையாவும் இருக்கலாம். கழுவ நேரமில்லாம ஏழாம் கட்டில் முடிச்சு ஆறாம் கட்டிலுக்கு நானும்தான் வந்திருக்கேன். எதுன்னு அந்தக் காகிதத்துல எழுதலை."

வேறு யாராவது இருந்தால் 'நீதான்' என்று முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். தன் கையையும் சேர்த்துச் சொன்னாளே, அதற்காக அம்சவல்லி அவளை மனசுக்குள் ஆயிரம் தரம் கும்பிட்டாள்.

படத்தில் எலும்பு முக்கால்வாசி கூடியிருந்தது. தகட்டை எடுத்து, செத்துப்போன எலும்புச் சில்லைச் சுரண்டி, மாவுக்கட்டுப் போடுவதென்று முடிவானது. ஆறு வாரத்துக்குப் புது ஊசி. அது தஞ்சாவூரில் கிடைக்கவில்லை. ராசம்மாள் தன் தம்பியைத் திருச்சிக்கு அனுப்பிவைத்தாள். அவன் வாரா வாரம் பஸ்ஸில் போய் வாங்கிவந்து கொடுத்தான். முதல் வாரம் மருதையன் அந்தப் பொட்டலத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் வாரம், "அந்தத் தம்பி சாப்பிட்டுச்சா?" என்று கேட்டான்.

எடுத்த தகட்டைக் கமருன்னிஸா ஒரு தட்டில் வைத்துக் காட்டினாள். வாய்க்கால் படித்துறையில் பாசி படிந்த மாதிரி அதன்மேல் வழவழவென்று ஒரு படலம்.

அம்சவல்லி அன்றே வார்டுப் பெண்களை எல்லாம் குழாயடியில் நிறுத்திவிட்டாள். "ஏ, அவங்கவங்க ஆளை அவங்கவங்கதான் தொடணும். அவங்கவங்க துணி, அவங்கவங்க பேசின். தொடறதுக்கு முன்னாடியும் சோப்பு, தொட்ட பின்னாடியும் சோப்பு."

"நேத்துவரைக்கும் ஊரு புண்ணையெல்லாம் தொடைச்சவ சொல்றா பாரு," என்றாள் ஒருத்தி.

"அதனாலதான் சொல்றேன். கையை நீட்டு."

அரசப்பன் புண்ணில் இரும்பு எதுவும் இல்லை; அது முன்னதாகவே காய்ந்தது. ஆனியில் நடந்தே வீட்டுக்குப் போனார். மருதையனுக்கு ஆடி பிறக்க வேண்டியிருந்தது. ஊசி நிறுத்திப் பத்து நாள் ஆனது, இருபது நாள் ஆனது. கட்டைப் பிரித்தால் தழும்பு உலர்ந்து கிடந்தது. மறுநாளும் அப்படியே.

"போய்ட்டு வாங்க," என்றாள் கமருன்னிஸா. "திரும்பி வராதீங்க."

கக்கத்தில் கட்டையை ஊன்றி, மருதையன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தான். ஒரு புளியமரத்தடியில் மூச்சு வாங்க நின்றான்.

"டாக்டரைக் கும்பிட்டாச்சு. சிஸ்டரைக் கும்பிட்டாச்சு. ஊசி வாங்கிட்டு வந்த அரசப்பன் மச்சானுக்குக்கூட நாலு வார்த்தை சொன்னேன், பார்த்தியா?"

"பார்த்தேன். முகத்தைக் கோணாமத்தான் சொன்னீங்க."

"உனக்குத்தான் இன்னும் சொல்லலை, அம்சம். இந்தக் கை இல்லைன்னா இந்தக் கால் இல்லை."

நன்னிலம் பஸ் உள்ளே திரும்பியது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"அந்தக் கிருமி அரசப்பன் புண்ணுலேர்ந்து என் கையாலதான் உங்களுக்கு வந்திருக்கும். தெரிஞ்சேதான் இத்தனை நாள் சொல்லாம இருந்தேன்."