சோபாவின் வலது மூலை

ஒட்டீலியின் வரவேற்பறையில் பச்சை வெல்வெட் சோபா ஒன்று இருந்தது. கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் கொடுத்த பியானோவை விற்றுவிட்டு, பெர்லின் வரை போய் அவளே பார்த்துப் பொறுக்கி வாங்கியது. வாங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதன் வலது மூலையில் அவள் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

உட்காரக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. பெர்லினுக்குப் பக்கத்து அரண்மனை ஊரான போட்ஸ்டாமில் அதை எழுதி ஒட்ட வேண்டியதும் இல்லை. காப்பிக்கு நாலு பெண்கள் கூடினால், எவளுடைய புருஷனுக்குப் பெரிய பட்டமோ அவளுக்கு சோபாவின் வலது மூலை. அடுத்தவளுக்கு இடது மூலை. மற்றவர்களுக்கு நாற்காலி. வீட்டுக்காரி, அவளே பெரியவளாக இல்லாவிட்டால், கதவுக்குப் பக்கத்தில், காப்பிக் கெண்டியோடு. பெரியவள் வந்து உட்காரும்வரை மற்றவர்கள் ஜன்னலோரம் நின்றுகொண்டு மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பல்வைத்தியரின் மனைவி, கால் வலிக்கிறதென்று நேராகப் போய் அந்த மூலையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அவளை எந்த வீட்டிலும் காப்பிக்குக் கூப்பிடவில்லை. பல் வலித்தவர்கள்கூட அவள் புருஷனிடம் போகாமல் பெர்லினுக்கு ரயிலேறினார்கள்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது வியாழக்கிழமை ஒட்டீலியின் வீட்டில் காப்பி. வலது மூலை குளோட்டில்டாவுக்கு.

வேறு யாராவதாக இருந்திருந்தால் ஒட்டீலி பொறுத்துக்கொண்டிருப்பாள். குளோட்டில்டா ஒரே தெருக்காரி, ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. ஒட்டீலி பிறந்தது 1871 ஜனவரி பதினேழாம் தேதி. குளோட்டில்டா பிறந்தது மறுநாள் மத்தியானம். அந்த மறுநாள்தான் வெர்சாய் அரண்மனையில் பிரஷ்ய ராஜாவை ஜெர்மனி முழுவதற்கும் பேரரசர் என்று அறிவித்தார்கள். விஷயம் தெரிந்ததும் நகராட்சியிலிருந்து குளோட்டில்டாவின் தொட்டிலுக்கு வெள்ளிக் கரண்டி வந்தது. ஒட்டீலியின் தொட்டிலுக்கு அத்தை பின்னிய குல்லாய் வந்தது.

"ஒரே ஒரு நாள் பல்லைக் கடிச்சிட்டு இருந்திருக்கக் கூடாதா?" என்று அப்பா அம்மாவைக் கேட்டது அந்த வீட்டில் வருஷா வருஷம் சொல்லிச் சிரிக்கும் வேடிக்கையாகிவிட்டது. ஒட்டீலி ஒரு வருஷமும் சிரித்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு ஜனவரி பதினெட்டுக்கும் கொடி, பாட்டு, பேச்சு. குளோட்டில்டாவுக்கு வெள்ளைக் கவுன் மாட்டி மேடையில் நிறுத்தி, "பேரரசும் இவளும் இரட்டைப் பிள்ளைகள்" என்பார் தலைமை ஆசிரியர். மூன்றாவது வரிசையில் நின்று பாடுகிற ஒட்டீலியின் வயிற்றில், முந்தின நாள் வெட்டிய பிறந்தநாள் கேக்கின் மிச்சம் கனத்துக்கொண்டிருக்கும். அவளுக்குப் பேரரசரின் மேல் கோபம் இல்லை. பேரரசர் என்ன செய்வார், பாவம். அவர் கரண்டி கொடுக்கச் சொல்லவில்லையே.

கல்யாணத்தில் கணக்கு சமமாகிவிட்டது போலத்தான் இருந்தது. ஒட்டீலிக்கு வாய்த்த ரைன்ஹோல்ட் தபாலாபீஸ் அதிகாரி. குளோட்டில்டாவுக்கு வாய்த்தவன் அரண்மனைக் குதிரைலாயத்து அலுவலகத்தில் குமாஸ்தா. பக்கத்தில் போனால் வைக்கோல் வாசனை அடிக்கும். மூன்று நாலு வருஷம் ஒட்டீலி நிம்மதியாகத் தூங்கினாள். 1896-இல் பேரரசுக்கு வெள்ளி விழா வந்தது. விழாவில் பட்டங்களை வாரி இறைத்தார்கள். அந்த வைக்கோல்காரனுக்கு 'அரசவை ஆலோசகர்' பட்டம். லாயத்துக்கு ஓட்ஸ் எத்தனை மூட்டை வேண்டும் என்பதைத் தவிர அவனிடம் அரசவையில் யாரும் எந்த ஆலோசனையும் கேட்டதாகத் தகவல் இல்லை. இருந்தாலும் பட்டம் பட்டம்தான். புருஷனுக்குக் கிடைத்தது பெண்டாட்டிக்கும் கிடைத்தது. அன்றிலிருந்து கடைக்காரன் முதல் பாதிரியார் வரை குளோட்டில்டாவை ஆலோசகரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒட்டீலியும் கூப்பிட்டாள்.

"வாங்க ஆலோசகரம்மா, உக்காருங்க."

"என்னடி ஒட்டி, இளைச்சிட்ட? தபாலாபீஸ்ல சம்பளம் ஒழுங்கா வருதா?"

இவள் 'வாங்க' என்பாள். அவள் 'வாடி' என்பாள். நாலு பேர் நடுவில் இருபத்திரண்டு வருஷம் இது நடந்தது. குளோட்டில்டா எப்போதும் பத்து நிமிஷம் தாமதமாக வருவாள். தாமதமாக வருவதும் பட்டத்தோடு சேர்ந்தது. தொப்பியில் நெருப்புக்கோழி இறகு ஆட, நேராக வலது மூலைக்குப் போய்த் தொப்பென்று உட்காருவாள். நல்ல கனமான உடம்பு. உட்கார்ந்து உட்கார்ந்து அந்த மூலையில் அவள் அளவுக்கு ஒரு குழியே விழுந்துவிட்டது. அவள் போன பிறகு ஒட்டீலி அந்தக் குழியைக் கையால் தட்டித் தட்டி மேடாக்கப் பார்ப்பாள். மேடாகாது. தன் பியானோ, தன் சோபா, தன் வீடு, அதில் அவளுடைய குழி. நினைக்க நினைக்க வயிறு எரியும்.

1913-இல் பேரரசர் ஆட்சிக்கு வந்து இருபத்தைந்து வருஷம் என்று இன்னொரு விழா. இந்த முறை ரைன்ஹோல்டின் பெயர் பட்டியலில் இருப்பதாகத் தபாலாபீஸ் முழுக்கப் பேச்சு. ஒட்டீலி கறுப்புக் கோட்டைத் தேய்த்து மாட்டி வைத்தாள். கண்ணாடி முன் நாற்காலி போட்டு, பட்டத்துக்காரி மாதிரி வாயை அதிகம் திறக்காமல் உட்காருவது எப்படி என்று பழகினாள். கடைசியில் வந்தது நாலாம் வகுப்புச் செங்கழுகுப் பதக்கம். வருஷக்கணக்கில் தப்புச் செய்யாமல் வேலைக்குப் போனவன் எவனுக்கும் கிடைக்கிற பதக்கம் அது. அந்த வியாழக்கிழமை குளோட்டில்டா கேக்கை வெட்டி வாயில் போட்டுக்கொண்டே ஆறுதல் சொன்னாள்.

"நாலாம் வகுப்பா இருந்தா என்னடி ஒட்டி? கழுகு கழுகுதானே."

ஒட்டீலி சிரித்தபடி காப்பி ஊற்றினாள். கெண்டி வெள்ளி. அதன் வளைந்த வயிற்றில் அவள் முகம் தெரிந்தது. உதடு சிரித்துக்கொண்டிருக்க, கண் இரண்டும் குளோட்டில்டாவைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தன. தன் முகம் இத்தனை அசிங்கமா என்று அவளுக்கே பயமாக இருந்தது.

பிறகு உலக யுத்தம் வந்தது. நாலு வருஷம். வெண்ணெய் போயிற்று, காப்பிக்கொட்டை போயிற்று, எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் போனார்கள். இரண்டாவது வியாழக்கிழமை போகவில்லை. வறுத்த பார்லியைப் பொடித்துக் காய்ச்சி, கிழங்கு ஜாம் தடவிய ரொட்டியை வைத்துக்கொண்டு, அதே நாலு பேர் அதே வரிசையில் உட்கார்ந்தார்கள்.

1918 நவம்பர் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை. ரைன்ஹோல்ட் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பேரரசர் முடி துறந்துட்டாராம். பெர்லின்ல குடியரசுன்னு அறிவிச்சிட்டாங்க. முடிஞ்சுது."

ஒட்டீலி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. பொய் அழுகை இல்லை. நாற்பத்தேழு வருஷம் சுவரில் தொங்கிய முகங்கள் அவை. ஆனால் கண்ணீர் கன்னத்தில் இறங்கி முடிவதற்குள், பின்னாலேயே வேறொரு நினைப்பு வந்து நின்றது. வெட்கமாகத்தான் இருந்தது. வந்த நினைப்பைத் திருப்பி அனுப்ப முடியவில்லை.

"அப்ப பட்டமெல்லாம் என்னாகும்?"

"எந்தப் பட்டம்?"

"ஆலோசகர் பட்டம்."

"ராஜ்ஜியமே கவிழ்ந்துபோச்சுங்கிறேன். நீ பட்டத்தைக் கேக்குற."

"கேட்டதுக்குச் சொல்லுங்களேன்."

"அரசவையே இல்ல. அப்புறம் அரசவை ஆலோசகர் எங்கேர்ந்து வருவான்? குதிரை வேணா இருக்கும்."

"நீங்க?"

"எனக்கென்ன? எவன் ஆண்டாலும் கடுதாசி போய்ச் சேரணும். நான் தபாலாபீஸ் அதிகாரிதான்."

ஒட்டீலி விரல் விட்டு எண்ணினாள். காப்பிக்கு வருகிற மற்ற இருவரில் லியோனோரேயின் புருஷன் தேவாலயத்தில் பாட்டு வாத்தியார். ஹெர்மீனேயின் புருஷன் மருந்துக்கடை. குளோட்டில்டாவின் புருஷன் இனிமேல் வெறும் ஆள். மிச்சம் இருக்கிற பெரியவன் ரைன்ஹோல்ட். வருகிற வியாழன் இரண்டாவது வியாழன். மறுநாள் பேரரசர் ஹாலந்துக்குள் போய்விட்டார் என்று செய்தி வந்தபோது அவள் ஜன்னல் திரைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

இடையில் நாலு நாள். வீட்டில் தனியாக இருந்தாள், சோபாவும் சும்மா கிடந்தது. ஒத்திகைக்குக்கூட அவள் அதில் உட்காரவில்லை. சும்மா உட்காருவதில் என்ன இருக்கிறது? குளோட்டில்டா பார்க்க உட்கார வேண்டும். வழக்கம்போல் அவள் பத்து நிமிஷம் கழித்துத்தான் வருவாள். அதற்குள் காப்பியை ஊற்றிவிட்டு, கெண்டியை லியோனோரேயிடம் கொடுத்துவிட்டு, வலது மூலையில் சாய்ந்துகொள்ள வேண்டும். கதவைத் திறந்துகொண்டு வருகிறவள் வாசலிலேயே நிற்க வேண்டும். 'என்னடி குளோட்டி, ஏன் நிக்கற, நாற்காலி இருக்கே' என்று சொல்ல வேண்டும். அடுப்பைக் கிளறும்போதெல்லாம் அந்த வார்த்தைகளை மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

வியாழக்கிழமை நாலு மணி. லியோனோரே வந்து ஜன்னலோரம் நின்றாள். அடுத்த தடவை வாசல் மணி அடித்ததும் ஹெர்மீனே என்று நினைத்துக் கதவைத் திறந்தால், நின்றது குளோட்டில்டா. நாலு அடித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தொப்பியில் இறகு இல்லை. இறகு இருந்த இடத்தில் நூல் முடிச்சு மட்டும் இருந்தது. உள்ளே வந்தவள் சோபாவைப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரம் போய் லியோனோரேயின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

இதை ஒட்டீலி எதிர்பார்க்கவில்லை. மூன்று பெண்கள் நிற்கிறார்கள். சோபா காலியாக இருக்கிறது. காப்பி ஆறுகிறது. பேரரசரே போன பிறகு யார் முதலில் உட்காருவது என்று சொல்ல ஆள் இல்லை. லியோனோரே மழையைப் பற்றி இரண்டாவது தடவையாகச் சொன்னாள்.

குளோட்டில்டாதான் தொண்டையைச் செருமினாள்.

"நீங்க உக்காருங்களேன், ஒட்டீலியம்மா."

நீங்க. பிறந்ததிலிருந்து கேட்டிராத 'நீங்க'. ஒட்டீலிக்குக் காது இரண்டும் சூடாயின. சந்தோஷம், கூச்சமில்லாத, பச்சையான சந்தோஷம். நினைத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை, தேவையும் படவில்லை. கெண்டியை லியோனோரேயின் கையில் திணித்துவிட்டு சோபாவை நோக்கி நடந்தாள். நாலே நாலு எட்டு. வலது கைப்பிடியின் வெல்வெட்டைத் தொட்டும்விட்டாள்.

அப்போது மணி அடித்தது. லியோனோரே போய்க் கதவைத் திறந்தாள். ஹெர்மீனே மூச்சு வாங்க நின்றாள், தனியாக இல்லை. அவளுக்குப் பின்னால், சால்வையைத் தலையோடு போர்த்திய ஒரு பெண். கீழ்த்தெருவில் குதிரைச் சேணம் தைக்கிற லோபேயின் மனைவி ஃப்ரீடா. ஒட்டீலிக்கு அவளைத் தெரியும். ரைன்ஹோல்டின் கிழிந்த தோல்பையைத் தைத்து வாங்கப் போனபோது பின்கட்டில் பார்த்திருக்கிறாள்.

"கோவிச்சுக்காதீங்க, கேக்காமக் கூட்டிட்டு வந்துட்டேன்," என்றாள் ஹெர்மீனே. "இவங்க வீட்டுக்காரருதான் இப்ப ஊரை ஆள்ற தொழிலாளர்-சிப்பாய் குழுவுக்குத் தலைவர். டவுன்ஹால்ல மேயர் நாற்காலியிலயே உக்காந்திருக்காரு. நிலக்கரிச் சீட்டு, ரொட்டிச் சீட்டு, எல்லாம் அவரு கையெழுத்துத்தான்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள் ஃப்ரீடா. "வான்னாங்க, வந்தேன். நான் இப்படி ஓரமா நின்னுக்கறேன்."

நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஷூவெல்லாம் சேறு. விரல்களில் தோல் தைக்கிற மெழுகின் கறுப்பு. ஒட்டீலியின் கை இன்னும் சோபாக் கைப்பிடியில் இருந்தது. உட்கார்ந்திருக்கலாம். ஒரு திரும்பு திரும்பி முட்டியை மடக்கினால் போதும். இருபத்திரண்டு வருஷக் கணக்கு தீர்ந்திருக்கும். ஆனால் கை கைப்பிடியை விட்டது. குனிந்தது. பழகிய குழியைப் பழகிய மாதிரி இரண்டு தட்டுத் தட்டியது. வாய் தானாகத் திறந்தது.

"வாங்க தலைவரம்மா. இங்க உக்காருங்க."

நிலக்கரிக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று பிற்பாடு ரைன்ஹோல்டிடம் சொன்னாள். பொய். அந்த நேரத்தில் நிலக்கரி அவள் நினைப்பிலேயே இல்லை. பெரியவள் வந்தால் மூலையைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அந்தக் கைக்குத் தெரியும். பேரரசரை ரயிலேற்றி அனுப்பினார்களே, அவள் கையை யார் அனுப்பினார்கள்?

ஃப்ரீடா தயங்கித் தயங்கிப் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இடுப்பு வரை உள்ளே போய்விட்டாள்.

"அம்மாடி, பள்ளமா கெடக்கே," என்றாள். "யாரு இப்படி உக்காந்தது?"

ஹெர்மீனே சட்டென்று இடது மூலையைப் பிடித்துக்கொண்டு, தலைவரம்மாவுக்கு ஜாம் போதுமா என்று விசாரித்தாள். லியோனோரேக்கு வழக்கமான நாற்காலி. மிச்சம் இருந்தது கதவுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி. ஒன்றில் குளோட்டில்டா உட்கார்ந்தாள். அந்த நாற்காலி அவள் உடம்புக்குப் போதவில்லை.

ஒட்டீலி கெண்டியை வாங்கி எல்லோருக்கும் ஊற்றினாள். தலைவரம்மாவுக்கு முதலில். கடைசியாகக் குளோட்டில்டாவிடம் வந்தாள். குளோட்டில்டா கோப்பையை நீட்டினாள், ஆனால் பார்வை கோப்பையில் இல்லை. உதட்டில் மரியாதைக்கு ஒரு சிரிப்பு. கண் இரண்டும் சோபாவின் மூலையில் இருந்தவளைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தன.

அந்த முகம் ஒட்டீலிக்குத் தெரியும். வெள்ளிக் கெண்டியின் வயிற்றில் எத்தனை வியாழக்கிழமை பார்த்திருக்கிறாள். இப்போதும் கெண்டியைத் திருப்பினால் அங்கே அதே முகம் தெரியும் என்பதும் தெரியும். திருப்பவில்லை.

குளோட்டில்டா கோப்பைக்குப் பின்னால் வாயை மறைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"ஷூவைக்கூடத் தொடைக்காம வந்துட்டா, பாத்தியா?"

ஒட்டீலி மற்ற நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். முழங்கையோடு முழங்கை இடித்தது. பள்ளிக்கூட பெஞ்சில் இடித்த மாதிரியே.

"பாத்தேன்டி," என்றாள்.