பின்கண்ணாடியில் ஒரு பெயர்

2019 ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை. பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி நகரில் கார்க் கண்ணாடி மாற்றும் கடை வைத்திருக்கும் ஜெரோம் பிலார்ஸ்கி, தன் காரின் பின்கண்ணாடியில் விதர்பி கல்லூரியின் ஸ்டிக்கரை ஒட்டினார்.

அங்கே சேரப்போவதாக அவருடைய மகள் ராஸ்லின் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருந்தது: விதர்பி, ஆல்டன் ரிட்ஜ். இரண்டும் இரண்டாயிரம் பேருக்குள் படிக்கும் சிறிய கல்லூரிகள். இலக்கியம், அறிவியல், தத்துவம் என்று எல்லாவற்றையும் கலந்து கற்பிப்பவை. பத்துப் பேர் விண்ணப்பித்தால் எட்டுப் பேரைத் திருப்பி அனுப்புபவை. கட்டணத்தில் தந்த சலுகை ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்டுதோறும் வரும் தரவரிசையில் விதர்பி நான்காவது. ஆல்டன் ரிட்ஜ் முப்பத்தொன்றாவது. மே ஒன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பிள்ளை சேரும் கல்லூரியின் பெயரைக் காரில் ஒட்டிக்கொள்வது அங்கே பெற்றோருக்குப் பெருமை. ஸ்டிக்கர் அனுமதிக் கடிதத்தோடு அதே உறையில் வந்தது. ஜெரோம் கண்ணாடியை இரண்டு முறை துடைத்து, ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டினார். வெளியே ஒட்டினால் பனி சுரண்டும்போது போய்விடும் என்று உள்பக்கம் ஒட்டினார். பின்கண்ணாடியின் உள்பக்கத்தில்தான் பனியைக் கரைக்கும் மெல்லிய சூட்டுக் கோடுகள் ஓடுகின்றன. அங்கே ஒட்டியதை உரித்தால் கோடும் சேர்ந்து வந்துவிடலாம். ‘பின்கண்ணாடியின் உள்ளே எதையும் ஒட்டாதீர்கள்’ என்று அவர் கடைச் சுவரில் பலகையே தொங்குகிறது. எழுதியவர் அவர்தான்.

விதர்பி என்ற பெயரை அவர் முதலில் கேட்டது பதினோரு ஆண்டுகளுக்கு முன். பல் டாக்டர் ஹேவர்ஸ்டாக் உடைந்த பின்கண்ணாடியோடு கடைக்கு வந்திருந்தார். கண்ணாடி போனதைவிட அதிலிருந்த ஸ்டிக்கர் போனதுதான் அவருக்கு வருத்தம். “என் பையன் படிக்கிற காலேஜ். விதர்பி. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க” என்றார். குரலில் அகந்தை இல்லை, கனிவாகத்தான் சொன்னார். ஜெரோம் அன்று மாலையே அந்தப் பெயரைத் தேடிப் படித்தார். ராஸ்லினுக்கு அப்போது ஏழு வயது.

ஸ்டிக்கர் ஒட்டிய மறுநாள் ராஸ்லின் ஆல்டன் ரிட்ஜைப் பார்க்கப் போனாள். அனுமதி கிடைத்த பிள்ளைகளை ஓர் இரவு விடுதியில் தங்கவைத்து, வகுப்பில் உட்காரவைப்பது எல்லாக் கல்லூரிகளிலும் வழக்கம். விதர்பிக்கு ஒரு வாரம் முன்பே போய்வந்திருந்தாள். ஞாயிறு மதியம் திரும்பியவள் ஈரமான ஷூவோடு சமையலறைக்குள் வந்தாள். அம்மா கோலெட் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தார்.

“என்னடி, ஆத்துல விழுந்தியா?”

“ஓடை. பூட்ஸ் என் சைஸுல இல்ல, அப்படியே இறங்கிட்டேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“விதர்பியில முதல்ல என்ன கேட்டாங்க தெரியுமா? ‘வேற எங்கெல்லாம் கிடைச்சுது?’ மூணு பேர் கேட்டாங்க. ஆல்டன் ரிட்ஜ்னு சொன்னா, ‘ஓ, அதுவும் நல்ல இடந்தான்’ங்கிறாங்க. நாய்க்குட்டியத் தடவுற மாதிரி.”

“ஆல்டன் ரிட்ஜ்ல?”

“முதல் கேள்வியே ‘உன் கால் சைஸ் என்ன?’ கல்லப் புரட்டிப் புரட்டி பூச்சி எண்ணினோம்மா. நான் ஒரு புழுவ எடுத்துக் காட்டினேன். கூட்டிட்டுப் போன புரொபசர் கண்ணாடியக் கழட்டிப் பார்த்துட்டு, ‘இருபது வருஷமா வரேன், இது இந்த ஓடையில இருக்குன்னே எனக்குத் தெரியாது’ன்னாங்க.”

கோலெட் மசிப்பதை நிறுத்தினார். “அப்ப அப்பாகிட்ட சொல்லு.”

“எப்படிச் சொல்றது? அவர் உள்பக்கம் ஒட்டிட்டார்மா.”

ஐந்து நாள் அவள் சொல்லவில்லை. விதர்பி பெயர் போட்ட மேல்சட்டையும் வாங்கவில்லை. மே ஒன்றாம் தேதி பள்ளிக்கூடத்தில் கடைசி ஆண்டுப் பிள்ளைகள் எல்லோரும் சேரப்போகும் கல்லூரியின் சட்டையைப் போட்டு வருவார்கள். வியாழக்கிழமை கோலெட்டே கணவரிடம் ஓடை, பூட்ஸ், புழு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஜெரோம் கடைசிவரை கேட்டார். பிறகு, “நாலுக்கும் முப்பத்தொண்ணுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?” என்றார்.

“யாருக்கு?” என்றார் கோலெட்.

மறுநாள் புனித வெள்ளி. இறைச்சி தவிர்க்கும் தவக்காலத்தின் ஒவ்வொரு வெள்ளியும் போல அன்றும் தேவாலயத்தின் பங்குக் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. கூடத்து வாசலில் மாவில் தோய்த்துக் கொடுப்பது ஜெரோம், எண்ணெயில் போடுவது பனி வாரும் லாரி ஓட்டும் லூ கன்சில்லா. கோலெட்டின் கேள்வி ஜெரோமைக் குடைந்துகொண்டிருந்தது. வரிசையில் தட்டோடு வந்தவர்களிடமே கேட்டுவிடுவது என்று தொடங்கினார்.

“விதர்பி காலேஜ் தெரியுமா உங்களுக்கு?”

“ஃபுட்பால் டீம் இருக்கா?” என்றார் தபால்காரம்மா.

“இருக்கு. தோத்துக்கிட்டே இருப்பாங்க.”

“அப்ப எனக்கு எப்படித் தெரியும்? இன்னும் ரெண்டு துண்டு வை.”

பதினான்கு பேரிடம் கேட்டார். ஒருவருக்கும் விதர்பியைத் தெரியவில்லை. ஆல்டன் ரிட்ஜையும் தெரியவில்லை. ஒருவர் மட்டும், மாமியாரைச் சேர்த்த முதியோர் இல்லத்துக்கு அப்படி ஏதோ ஒரு பெயர் என்றார்.

லூ எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். “என்னடா அது, பெரிய இடமா?”

“நாட்டுலயே நாலாவது. உனக்கெல்லாம் எங்கடா தெரிஞ்சிருக்கப்போகுது.”

“அதுவும் சரிதான்” என்றான் லூ. “மீனக் குடு.”

ஜெரோம் கொடுக்கவில்லை. மாவு சொட்டும் மீனைப் பிடித்தபடி நின்றார். பல் டாக்டர் சொன்னதிலிருந்து பதினோரு ஆண்டுகளாக மனதில் வைத்திருந்த வாக்கியம் அது. இன்று அவரே அதைச் சொல்லியிருந்தார், ஆறாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவனிடம்.

“லூ.”

“சொல்லு.”

“மன்னிச்சிரு.”

“எதுக்கு? மீனக் குடுடா, எண்ணெய் காயுது.”

மீனைக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் போனார். ராஸ்லின் தட்டுகளில் முட்டைக்கோஸ் சாலட் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

“உன் கால் சைஸ் என்ன?” என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் நின்ற அம்மாவையும் பார்த்தாள். “எட்டு.”

“எட்டு சைஸுல ஒரு பூட்ஸ் இல்ல, அது ஒரு காலேஜா? நானே வாங்கித் தரேன். எடுத்துட்டு அங்கயே போ.”

ராஸ்லின் சிரித்த சிரிப்பில் கரண்டியிலிருந்த சாலட் பாதிரியாரின் தட்டில் இரண்டு மடங்காக விழுந்தது. அவர் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.

“அப்பா, ஸ்டிக்கர்?”

“அது என் தொழில். நீ உன் புழுவப் பாரு.”

சனிக்கிழமை காலை கடையில் ஸ்டிக்கரை உரித்தார்கள். ஜெரோம் பின்சீட்டில் மண்டியிட்டு, சூடான காற்றை ஊதி, பிளாஸ்டிக் தகட்டால் ஓரத்தை மெல்லக் கிளப்பினார். ராஸ்லின் விளக்குப் பிடித்தாள். கோலெட் டோனட் வாங்கிவந்தார். அழைக்காமலே வந்த லூ ஒரு ஸ்டூலைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்த பலகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான்.

“‘உள்ளே எதையும் ஒட்டாதீர்கள்.’ யாரோ விவரமானவன் எழுதியிருக்கான் ஜெரோம்.”

“வாய மூடு.”

“‘மீறினால் நாங்கள் பொறுப்பல்ல.’ அப்ப யாருப்பா பொறுப்பு?”

ஜெரோம் சிரித்துவிட்டார். தகடு சற்று வழுக்கியது. உரிப்பதற்கு நாற்பது நிமிடம் ஆனது.

ராஸ்லின் அன்று மதியமே ஆல்டன் ரிட்ஜுக்குச் சம்மதம் அனுப்பினாள். சட்டை தபாலில் வந்து சேராததால், மே ஒன்றாம் தேதி வெள்ளைப் பனியனில் பேனாவால் கல்லூரிப் பெயரை எழுதி, கீழே ஒரு புழுவை வரைந்து போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். புதிய ஸ்டிக்கரை ஜெரோம் கண்ணாடிக்கு வெளியே ஒட்டினார். அந்த டிசம்பரில் பனி விழுந்தபோது, காரின் பின்கண்ணாடியில் மேலிருந்து நான்காவது கோடு மட்டும் சூடாகவில்லை.