பைப்பில் தெரிந்த பட்டை

நண்பன் உத்தமனின் புல்லட் எஞ்சினிலிருந்து கழற்றிய சைலன்சர் பைப் வாஞ்சிநாதனின் மடியில் கிடந்தது. அவர் போட்ட செராமிக் பூச்சு, ஒரே வாரத்தில் அப்பளம் போல உப்பி உதிர்ந்திருந்தது.

வங்கி அதிகாரியான அவருக்கு, சால்ட் லேக் வீட்டுப் பால்கனியில் பழைய ஓவன் ஒன்றை வைத்துக்கொண்டு, நண்பர்களின் வண்டிப் பாகங்களுக்குச் சூடு தாங்கும் பூச்சு போடுவது ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். பிசுக்குப் போக அசிட்டோனால் துடைத்த இரும்பை அப்புறம் விரல் தொடக்கூடாது; தொட்டால் பூச்சு பிடிக்காது. அதில் அவர் மகா கறார்.

உத்தமன் பைப்பைக் கொண்டுவந்து போட்ட அன்றே குற்றவாளியைப் பிடித்துவிட்டார். "சுண்டல் தாளிச்ச எண்ணெய்க் கையோட இதைத் தொட்டியோ?" என்று அவன் எதிரிலேயே மனைவியைக் கேட்டார்.

ஜலஜா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "துணி உலர்த்த வந்தேன்... பட்டிருக்குமோ என்னவோ. மன்னிச்சுக்கோப்பா உத்தமன்."

இன்று மறுபூச்சுக்காகச் சுரண்டியபோதுதான், உதிர்ந்த இடத்தின் வடிவம் பளிச்சென்று தெரிந்தது. குறுக்கே மூன்று கோடுகள். நடுவில் ஒரு வட்டம்.

அவர் அந்தக் கோடுகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். ஆயுத பூஜையன்று, துடைத்து வைத்த பைப்பை ஸ்பானர்களோடு சாமி படத்தின் முன் அடுக்கி, விபூதியைக் குழைத்துப் பட்டை போட்டு, சந்தனப் பொட்டும் வைத்தது யார்? மறுநாள் மறுபடி அசிட்டோன் எடுக்கச் சோம்பல்பட்டு, வேட்டி நுனியால் ஒரு துடை துடைத்துவிட்டுப் பூச்சடித்தது யார்?

கையில் உப்புத்தாள் இருந்தது. நாலு தேய் தேய்த்தால் பட்டையும் இருக்காது, சாட்சியும் இருக்காது. கை பைப்பை நோக்கிப் போயே விட்டது.

"ஏன்னா, காபி." ஜலஜா டம்ளரை பால்கனி வாசற்படியிலேயே வைத்தாள். "நான் கிட்ட வரலை. கையைக்கூட ரெண்டு தரம் சோப்புப் போட்டு அலம்பிண்டேன்."

உப்புத்தாள் நழுவி விழுந்தது.

"இங்க வா. இதைப் பாரு."

கோடுகளைப் பார்த்தாள். பிறகு அவர் நெற்றியைப் பார்த்தாள்.

"ஓஹோ! பூஜை உங்களோடது, பலி மட்டும் நானா?"

"தப்புதான் ஜலஜா."

"எங்கிட்ட சொல்லி என்ன? வங்காளிகள் வழக்கப்படி தசமி கழிஞ்சு பிஜயா வாழ்த்துச் சொல்லப் போன வீட்டிலெல்லாம், 'மாமி, கையில எண்ணெய் இருக்கா'ன்னு கேட்டுச் சிரிக்கறா. எல்லாம் உத்தமன் பரப்பினது!"

அவர் பைப்பை அப்படியே, தேய்க்காமல், செய்தித்தாளில் சுற்றினார்.

"எங்க கிளம்பிட்டேள்?"

"உத்தமன் ஆத்துக்கு. இதைக் காட்டிச் சொல்லிட்டு வரேன்."

ஜலஜா செருப்பைத் தேடினாள். "இருங்கோ, நானும் வரேன். நீங்க பாதியை முழுங்கிடுவேள்."