ஆறு மாத கேரண்டி

லோகநாயகி போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. ஆனாலும் காலை ஆறு மணியானால் குளியலறைக்கு வெளியே இருக்கும் ஆணியில் செயின் மாட்டுகிற சத்தம் சடையப்பனுக்குக் கேட்டுவிடும். பெரிய சத்தம் இல்லை. கிணுக்கென்று ஒரு தடவை, அதோடு சரி. எழுந்து போய்ப் பார்த்தால் ஆணி மொட்டையாக இருக்கும். உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். அதை இறுக்கி மூடிவிட்டு வந்து கட்டிலில் உட்காருவார். மறுபடி படுக்கத் தைரியம் வராது.

கடைசி இரண்டு வருடமும் அவள் குளிக்கப் போகும் முன்னால் அந்த ரெட்டைவடச் செயினைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவாள். தாலி மஞ்சள் கயிற்றில் தனியாக இருந்தது, அதைத் தொடமாட்டாள். ஒருநாள் ஏன் என்று கேட்டதற்கு, சோப்பு ஏறிப் பிடித்துக்கொள்கிறது என்றாள். சரிதான் என்று பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார் மனுஷன். பெண்டாட்டி சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டே பேப்பர் படிப்பதில் சடையப்பனை அடித்துக்கொள்ள கடலூரில் ஆள் கிடையாது.

அந்தச் செயின் தங்கம் இல்லை. உலகத்தில் இது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவருடைய பைத்தியக்காரத்தனமே அதுதான்.

நடந்தது இதுதான். தனியார் பஸ் கம்பெனி ஆபீசில் கணக்கெழுதுகிற சடையப்பன், கூட வேலை பார்த்த ஒருத்தன் பேச்சை நம்பி, கிள்ளைப் பக்கம் ஒரு இறால் குட்டையில் பங்கு போட்டார். நோய் விழுந்து ஒரே வாரத்தில் இறால் அத்தனையும் செத்துப்போனது. வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன், அதை அடைக்கத் தண்டல், தண்டலுக்குப் பயந்து செல்போன் ஆப்பில் ஒரு கடன். ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. காடாம்புலியூரில் அவர் பங்குக்கு முந்திரிக் கொல்லை இருந்தது. அதை விற்றிருந்தால் அன்றைக்கே பாதித் தலைவலி தீர்ந்திருக்கும். விற்றால் அண்ணன் ஏன் என்று கேட்பான், ஊர் கேட்கும். ஐயாவுக்குக் கௌரவம் பெரிது. அதனால் என்ன செய்தார் என்றால், கொக்கி லூசாக இருக்கிறது, தட்டிக்கொண்டு வருகிறேன் என்று லோகநாயகி கழுத்திலிருந்த செயினை வாங்கிக்கொண்டு போய் அடகு வைத்தார். சிதம்பரத்தில் கவரிங் கடைகளுக்கா பஞ்சம்? மேல வீதிக் கடை ஒன்றில் அதே மாடலில், அதே முகப்போடு ஒன்றை வாங்கிவந்து, தன் கையாலேயே அவள் கழுத்தில் போட்டுவிட்டார். இது இரண்டரை வருடத்துக்கு முன்னால், ஒரு தை மாதம். தங்கம் வட்டியில் மூழ்கி ஏலத்தில் போய்விட்டது.

திருட்டு என்று அவர் இதற்குப் பேர் வைக்கவில்லை. என்றைக்காவது மீட்டுவிட்டால் திருட்டு இல்லைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இந்த வருடம் மாசி மாதத்தில் ஒருநாள் லோகநாயகி அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டும்போது அவருடைய தங்கை செல்லாயிதான் செயினைக் கழற்றினாள். கழுத்தைச் சுற்றி மெலிசாக ஒரு கறுப்புக் கோடு இருந்தது. மஞ்சள் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. காலமெல்லாம் நகை போட்ட கழுத்து, தடம் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி அழுதாள் செல்லாயி. கூடத்தில் கிடத்தியபோது சடையப்பனும் அந்தக் கோட்டைப் பார்த்தார். தங்கம் போட்டால் இப்படிக் கறுக்காது என்று அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் அவர் கண் கழுத்துக்குப் போய்விடுகிறது. கோடு இருக்கிறதா என்று தேடுகிறது.

மகள் அனுப்பிரியாவுக்கு ஆவணியில் கல்யாணம். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை எழிலன் கம்மாபுரத்துக்காரன். அவர்கள் வீட்டில் இவ்வளவு போடு, அவ்வளவு போடு என்று எதுவும் கேட்கவில்லை. கேட்டது பெண்தான். தாலி பிரித்துக் கோர்க்கும்போது அம்மா செயினில்தான் கோர்க்க வேண்டும் என்றாள். வெள்ளிக்கிழமை எழிலனுடைய அம்மா வருகிறார்கள், அன்றைக்கு அதை எடுத்துக் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள்.

அவள் போனதும் சடையப்பன் பீரோவைத் திறந்தார். நாலு மாதம் துணிக்குள் கிடந்த செயின் கறுத்துப் போயிருந்தது. கையில் எடுத்ததும் உள்ளங்கையில் பித்தளை நாற்றம் ஏறியது. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. நல்ல மனுஷனாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து மகள் வரும்வரை காத்திருந்திருப்பார். இவர் புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, செயினைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். இன்னொரு தடவை முலாம் பூசிவிட்டால் மஞ்சளாகிவிடும். மகளுடைய தாலியையே பொய்யில் கோர்க்கப் போகிறோம் என்று தெரிந்தேதான் போனார்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. புதுச்சத்திரம் தாண்டியதும் கம்பியைப் பிடித்து முன்னால் நின்ற பெண்ணின் பின்கழுத்து கண்ணில் பட்டது. சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். தேர்க் கூட்டம் சார் என்றார் கண்டக்டர். அப்போதுதான் அன்றைக்கு ஆனித் தேர் என்பது நினைவுக்கு வந்தது. லோகநாயகி வருடத்துக்கு இரண்டு தடவை, ஆனித் தேருக்கும் மார்கழித் தேருக்கும், தவறாமல் சிதம்பரம் போவாள். முன்னாலெல்லாம் அப்படியில்லை, கடைசி இரண்டு வருடமாகத்தான். துணைக்கு இவரைக் கூப்பிட்டதில்லை. பக்தி முற்றிப்போச்சு என்று இவரும் கேலி செய்திருக்கிறார்.

மேல வீதிக் கடையில், அன்றைக்குச் செயினை விற்ற அதே கடைக்காரர் கலைமணிதான் உட்கார்ந்திருந்தார். சடையப்பனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கைக்குட்டையைப் பிரித்ததும் செயினை மட்டும் அடையாளம் தெரிந்துவிட்டது. முகப்பைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சடையப்பனின் தோளுக்குப் பின்னால், தெருவைப் பார்த்தார்.

"அம்மா வரலியா சார்? தேருக்கு வந்துடுவாங்களே, இன்னும் காணுமேன்னு காலையிலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

சடையப்பனும் திரும்பிப் பார்த்தார். தெரு நிறையப் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எந்த அம்மா என்று கேட்க நினைத்தார், அதற்குள் கலைமணி குனிந்துவிட்டார்.

கலைமணி மேசை இழுப்பறையைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட கட்டு ஒன்றிலிருந்து ஒரு அட்டையை உருவி மேசையில் வைத்தார். கடையின் கேரண்டி அட்டை. ஆறு மாதத்துக்குள் கறுத்தால் அட்டையுடன் வரவும் என்று அச்சடித்திருந்தது. செயின் வாங்கிய அன்றைக்குச் சட்டைப் பையில் வைத்ததாக சடையப்பனுக்கு ஞாபகம். பஸ்ஸில் எங்கேயோ விழுந்து தொலைந்தது, நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டிருந்தார். அந்தச் சட்டையைத் துவைத்தது யார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

அட்டையின் பின்பக்கத்தில், முலாம் பூசிய தேதிகளைக் கலைமணி தன் கையால் எழுதியிருந்தார். ஆனி, மார்கழி, மறுபடி ஆனி, மறுபடி மார்கழி. நாலும் தேர் சமயம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. அவள் சாமி பார்க்க வரவில்லை. சோப்பும் ஏறவில்லை. சோப்பு பட்டால் முலாம் போய்விடும் என்பதற்காகத்தான் தினமும் கழற்றி ஆணியில் மாட்டியிருக்கிறாள். கொண்டுவந்து மாட்டிவிட்ட அந்த வாரமே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"மொத தடவ வந்தப்பவே சொன்னாங்க சார்," என்றார் கலைமணி. "இது கறுத்துப்போச்சின்னா எங்க ஊட்டுக்காரரு என் மூஞ்சில முழிக்க மாட்டாரு. கறுக்காமப் பாத்துக்குங்கன்னாங்க."

போன மார்கழியில் கையில் இருநூறு ரூபாய் குறைந்ததாம். அட்டையை அடமானமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனித் தேருக்கு வந்து கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கைமாற்று வாங்கினால்கூட மறுநாள் காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறவள் லோகநாயகி.

அவள் இறந்துபோன விஷயத்தைச் சடையப்பன் சொன்னார். கலைமணி எழுந்து நின்றுவிட்டு, பிறகு மெதுவாக உட்கார்ந்தார். சடையப்பன் அவசர அவசரமாக இருநூறு ரூபாயை எடுத்து நீட்டினார். இரண்டரை வருடத்தில் அவரால் முழுசாக அடைக்கக்கூடிய கடன் அது ஒன்றுதான். அதையாவது அடைத்துவிட வேண்டும் அவருக்கு.

"அவுங்க வந்து குடுக்கறேன்னாங்க சார். ஒங்ககிட்ட வாங்குனா எனக்குத் தூக்கம் வராது. அட்டைய எடுத்துக்கிட்டுப் போங்க," என்றார் கலைமணி. செயினுக்கு முலாம் போடவா என்று கேட்டார்.

"வாணாம். அப்பிடியே குடுங்க."

வெளியே வந்தால் நகர முடியவில்லை. தேர் எங்கேயோ நின்றிருந்தது. சடையப்பன் கூட்டத்தில் ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். இந்தத் தடவை கோட்டைத் தேடவில்லை, அவளைத் தேடினார். பச்சைப் புடவையில் ஒருத்தி, முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்து மூடிக்கொண்டு அவருக்கு முன்னால் போனாள். லோகநாயகி வெளியே போனால் அப்படித்தான் மூடிக்கொள்வாள். அவர் எட்டி நடந்தார். சந்து திரும்பியதும் ஆளைக் காணவில்லை. ஒரு செருப்புக் கடை வாசலில் நின்று, யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டு அழுதார்.

அனுப்பிரியா சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. சடையப்பன் செயினை அவள் கையில் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னார். குட்டையில் தொடங்கி அட்டை வரைக்கும். அவள் தண்ணீர் கொண்டுவந்து தரவில்லை. உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. எல்லாம் கேட்டு முடித்ததும் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"அம்மாகிட்ட இந்த வாசனதாம்ப்பா வரும். புளி போட்டுப் பாத்திரம் தேய்க்கிறாங்களே, அதான் போலன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அதற்குப் பிறகு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சடையப்பன் கூடத்திலேயே நின்றார். அவள் திரும்பி வந்தபோது முகம் வீங்கியிருந்தது. கையில் ஒரு பழைய நோட்டும் பேனாவும். யார் யாருக்குத் தரவேண்டும், ஒன்று விடாமல் எழுதுங்கள் என்றாள். அவர் தண்டல்காரன் பேரை எழுதப் போனார். பேனா நகரவில்லை. பிறகு எழுதினார்: சிதம்பரம், கலைமணி கவரிங், இருநூறு, லோகநாயகி பேரில். அவரு வாங்க மாட்டேங்கறாரும்மா என்றார். அனுப்பிரியா அந்த வரியைப் பார்த்துவிட்டு, அடுத்ததை எழுதுங்கள் என்றாள். மூன்று பக்கம் ஆனது. முடித்ததும் முந்திரிக் கொல்லையைப் பற்றிக் கேட்டாள். விற்றுவிடலாம், என் அண்ணனிடம் நானே பேசுகிறேன் என்றார். அந்த வார்த்தை வாயிலிருந்து வர அவருக்கு இரண்டரை வருடம் ஆகியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆணியில் கிணுக்கென்று சத்தம் கேட்டது.

சடையப்பன் எழுந்து ஓடினார். ஆணி மொட்டையாக இல்லை. கறுத்த செயின் அதில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்து அனுப்பிரியா ஈரத்தலையோடு வெளியே வந்தாள். கழுத்தைத் துண்டால் நன்றாகத் துடைத்தாள். ஆணியிலிருந்த செயினை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பத்து மணிக்கு வர்றாங்க. இதப் போட்டுக்கிட்டுதான் ஒக்காரப் போறேன்," என்றாள். "ஏன் கறுத்திருக்குன்னு கேப்பாங்க. நான் பேச மாட்டேன். நீங்கதான் சொல்லணும்ப்பா."