பதினோரு மணிச் சரிவு

வார நாட்களில் காலை பதினோரு மணி ஆனதும் அந்தப் பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் பூமியின் ஈர்ப்பு ஒரு துளி குறைந்துவிடும். பதினொன்று இருபத்தைந்துக்கு ஒன்றும் தெரியாதது போலப் பழைய அளவுக்கு வந்து நிற்கும். குறைவது பெரிதாக ஒன்றுமில்லை, நூறு கோடியில் இரண்டு பங்கு. யானையை எடை போடும்போது அதன் முதுகிலிருந்து ஓர் எறும்பு இறங்கிப் போனால் எவ்வளவு வித்தியாசம் வருமோ, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட எறும்பையும் பிடிக்கும் கருவி செய்வதற்குத்தான் மருமகள் ஐந்து வருடமாக அடித்தளமே கதியென்று கிடந்தாள். கட்டடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். முதல் தளத்துக்குக் கீழே, தெருவோடு ஒட்டியிருந்த நில ஆவணக்காப்பகத்தின் காப்பாளர் அவளுடைய மாமனார். முப்பது வருடமாக அங்கே இருப்பவர். அதனால் வாசல் காவலாளி முதல் ஆய்வுக்கூட மாணவர்கள் வரை எல்லோருக்கும் அவள் "காப்பாளர் வீட்டு மருமகள்". அவள் வாங்கிய டாக்டர் பட்டம் அந்தக் கட்டடத்தில் எடுபடவில்லை.

அவளுடைய கருவி ஆளுயர உலோகக் குழாய். அதற்குள் ருபிடியம் என்ற உலோகத்தின் ஒரு சிட்டிகை அணுக்களை லேசர் ஒளியால் நாலா பக்கமும் தடுத்து நிறுத்திக் குளிர வைப்பாள். குளிரென்றால் சாதாரணக் குளிரில்லை. அதற்குக் கீழே குளிரே கிடையாது என்ற எல்லைக்கு ஒரு பாகையில் சில லட்சத்தில் ஒரு பங்குதான் பாக்கி இருக்கும். சூடான அணுக்கள் பள்ளி மணி அடித்ததும் ஓடும் பிள்ளைகள் மாதிரி சிதறிவிடும். குளிர்ந்தவை சொன்ன பேச்சுக் கேட்கும். அவற்றைக் கீழே விழவிட்டு, நடுவழியில் லேசரால் ஒரு தட்டுத் தட்டினால் ஒவ்வோர் அணுவும் ஒரே நேரத்தில் இரண்டு வழியில் விழுந்து மறுபடி ஒன்று சேரும். இரண்டு வழிக்கும் இடையிலுள்ள சின்ன வித்தியாசத்திலிருந்து ஈர்ப்பின் அளவைப் படித்துவிடலாம்.

அப்படிப்பட்ட கருவி பத்து நாளாகத் தினமும் பதினோரு மணிக்குத் தடம் மாறியது. வியாழக்கிழமை கருவியைச் சோதித்து ஒப்புதல் தர மூன்று பேர் கொண்ட தேர்வுக்குழு வருகிறது. அன்று திங்கள்.

"சரி பண்ணு, இல்லாட்டி காரணம் சொல்லு," என்றார் ஆய்வுக்கூடத் தலைவரான பேராசிரியர். "ரெண்டும் இல்லாம அவங்க முன்னாடி என்னை நிக்க வைக்காதே."

லிஃப்டை நிறுத்திப் பார்த்தாள். ஏசியை அணைத்துப் பார்த்தாள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நிரப்பியும் வடித்தும் பார்த்ததில் மாடியில் இருந்தவர்களிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம். செவ்வாய்க்கிழமை காலை தலையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தபோது கண்ணில் பட்டது கூரை. அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று இத்தனை நாள் யோசிக்கவே இல்லை. மேலே இருப்பவை காகிதம். டன் கணக்கில் காகிதம். தலைக்கு மேல் எடை கூடினால் அது மேல்பக்கம் இழுக்கும், கீழே ஈர்ப்பு குறையும்.

மணி பதினொன்று பத்து. படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக ஏறி ஓடினாள்.

ஆவணக்காப்பகத்தின் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளிருந்து கரகரவென்று ஏதோ உருளும் சத்தம். தட்டினாள். சத்தம் சட்டென்று நின்றது. வெகு நேரம் கழித்து மாமனார் கதவைத் திறந்தார். கையில் விரித்த பதிவேடு, அதுவும் தலைகீழாக.

காலையில் ஒரே பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வந்தாலும் மொத்தமாக ஆறு வார்த்தை பேசாத மனிதர் அவர். இப்போது முகமெல்லாம் வேர்வை.

"என்னம்மா, ஏதாவது வேணுமா?"

அவர் தோளுக்குப் பின்னால் அவள் எட்டிப் பார்த்தாள். தண்டவாளத்தில் நகரும் இரும்பு அலமாரிகள் எல்லாம் மேற்குக் கோடியில், அவளுடைய கருவிக்கு நேர் மேலே, நெருக்கியடித்து நின்றன. மீதி அறை, மொழுமொழுவென்று மெருகேறிய தரை, கல்யாண மண்டபம் மாதிரி காலியாகக் கிடந்தது. கடைசி அலமாரியைக் கட்டிப்பிடித்தபடி அவளுடைய மாமியார். தினமும் பதினோரு மணிக்குள் கணவருக்குச் சூடாகச் சாப்பாடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்புபவர். மாமனார் சாப்பிடுவது ஒரு மணிக்கு. நடுவில் இரண்டு மணி நேரம் அது எப்படிச் சூடாக இருக்கும் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

மாமியார் வழக்கத்தைவிட நாலு விரல் உயரமாக இருந்தார். மருமகள் பார்வையைக் கீழே இறக்கினாள். காலில் சக்கரம் வைத்த சிவப்பு நிற ஸ்கேட்டிங் ஷூ.

"டாக்டர் தினமும் நடக்கச் சொன்னாரு," என்றார் மாமியார். "நடந்து பாத்தேன். போரடிச்சுது."

"அத்தை..."

"சின்ன வயசுலேருந்து ஆசை. எங்க வீட்ல விடல. இவரு விட்டாரு. வீட்டுக்காரர்னா இப்படி இருக்கணும். அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே, பல்லைப் பிடுங்குறவன், எலும்பு உடையும்னு பயமுறுத்துவான்." அவன் என்றது மருமகளின் கணவன், பல் மருத்துவன்.

மருமகளுக்கு வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி மேலே வந்தது. முதலில் விக்கல் மாதிரி வந்து, பிறகு சிரிப்பாகி, நிற்க முடியாமல் தரையில் உட்கார வைத்துவிட்டது. பத்து நாளாகத் தூக்கத்தைக் கெடுத்த நூறு கோடியில் இரண்டு பங்கு சிவப்பு ஷூவோடு எதிரே நிற்கிறது. விஷயத்தை மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லி முடித்தாள்.

"நான் உருண்டது உன் அணுவுக்குத் தெரிஞ்சுடுச்சா?" மாமியாரின் முகம் மலர்ந்தது.

"நீங்க இல்ல அத்தை. அலமாரி."

மலர்ந்த முகம் வாடிவிட்டது. "ஒரு துளிகூடத் தெரியலையா? அறுபத்தெட்டு கிலோ இருக்கேனே."

அதற்குள் மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார். "ஒரு அலமாரி ஆயிரத்து ஐந்நூறு கிலோ," என்றார். "தரை தாங்குமான்னு பாக்க எல்லாத்தையும் எடை போட்டு வச்சிருக்கோம். எழுதித் தரட்டுமா?"

மருமகள் அவரை அண்ணாந்து பார்த்தாள். எடை தெரிந்த அலமாரிகளை நகர்த்திக் காட்டினால் கருவிக்கு அவையே சாட்சி; அந்த நொடியில் வியாழக்கிழமைக்கு வழி பிறந்தது.

வியாழக்கிழமை வந்த குழுத் தலைவி உதட்டைப் பூட்டிச் சாவியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் போன்ற அம்மாள். பேராசிரியர் விளக்கியதை எல்லாம் கேட்டுவிட்டு, "காரணம் தெரிஞ்ச பிறகு கதை சொல்றது சுலபம்," என்றார். "நானே மேல போறேன். எனக்குத் தோணின எண்ணிக்கையில அலமாரியை மேற்குப் பக்கம் நகர்த்தச் சொல்வேன். எத்தனைன்னு உங்க கருவி சொல்லட்டும்."

பேராசிரியர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். மருமகள், "சரிங்க மேடம்," என்றாள்.

தலைவி மேலே போனார், பத்து நிமிடத்தில் இறங்கி வந்தார், மடித்த சீட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அணுக்கள் குளிர்ந்தன, விழுந்தன, பிரிந்தன, சேர்ந்தன. மறுபடி குளிர்ந்தன. அரை மணி நேரம் அறையில் விசிறிச் சத்தம் மட்டும்தான். திரையில் கோடு மெல்ல இறங்கி ஓரிடத்தில் நிலைகொண்டது. மருமகள் கணக்குப் போட்டாள். திரும்பவும் போட்டாள்.

"அஞ்சு அலமாரி."

தலைவி சீட்டை எடுத்து மேசையில் விரித்தார். அதில் இருந்தது நான்கு.

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனாலும் திரையில் இருந்த கோடு அசையாமல் நின்றது. அதை அவள் ஐந்து வருடமாகக் கூட இருந்து பார்த்திருக்கிறாள். அது பொய் சொல்லாது.

"மேடம், நாலு இல்ல. அஞ்சு," என்றாள். "மேல போய் எண்ணிப் பாத்துடலாம்."

எல்லோரும் படியேறினார்கள். மாமனார் கதவருகே நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. தலைவி விரல் நீட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"நான் நாலுதானே சொன்னேன்?"

"ஆமாங்க மேடம்," என்றார் மாமனார். "நீங்க கீழ போன பிறகு நான் கூடுதலா ஒண்ணு நகர்த்திட்டேன். முப்பது வருஷ சர்வீஸ்ல உத்தரவு மீறினது இதுதான் முதல் தடவை."

"எதுக்கு?"

அவர் வாய் திறப்பதற்குள் இரண்டு அலமாரிகளுக்கு நடுவிலிருந்து பதில் வந்தது. "எனக்கு மூச்சு முட்டிச்சுங்க."

தொடர்ந்து மாமியாரே உருண்டு வெளியே வந்தார். பரீட்சை நாளில் வராதே என்று அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். தன் அலமாரிகள் பரீட்சை எழுதும்போது வீட்டில் இருப்பு கொள்ளாமல் வந்துவிட்டார். வந்ததுதான் வந்தோம், ஒரு சுற்று போகலாமே என்று ஷூவை மாட்டிய நேரத்தில் தலைவி படியேறி வர, சந்துக்குள் ஒளிந்துகொண்டார். அவர் புகுந்தது ஐந்தாவது அலமாரிக்குப் பின்னால்; அது மேற்கே நகர்ந்தால்தான் மூச்சு விட இடம் கிடைக்கும்.

அவர் தலைவியின் முன்னால் நிற்கத்தான் நினைத்தார். நிற்கும் வித்தையை இன்னும் கற்றிருக்கவில்லை. நேராகப் போய்த் தலைவியின் இரண்டு தோளையும் பிடித்தார். இருவரும் ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றார்கள்.

தலைவியின் உதட்டுப் பூட்டு கழன்று விழுந்தது. முதலில் மூக்கால் ஒரு சத்தம், பிறகு தொண்டையிலிருந்து, பிறகு அவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "நான் சொன்னதை அப்படியே ஒப்பிச்சிருந்தா சந்தேகப்பட்டிருப்பேன்," என்றார் பேராசிரியரிடம். "எனக்கே தெரியாததைச் சொல்லிடுச்சே. கையெழுத்து எங்க போடணும்?"

அன்று மாலை மூன்று பேரும் ஒரே பேருந்தில் வீடு திரும்பினார்கள். மாமனார் வழியெல்லாம் பேசினார். உத்தரவை மீறும்போது கை எப்படி நடுங்கியது என்பதை மூன்று நிறுத்தம் வரை திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நடுக்கம் கொஞ்சம் கூடியது. மருமகளுக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது; மூன்று பேரும் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் இறங்கினார்கள்.

சாப்பாட்டு மேசையில் கணவன் கதை முழுவதையும் கேட்டான். யாரும் பொய் சொல்வது போலத் தெரியவில்லை, நம்பவும் முடியவில்லை.

"அம்மாவா? நம்ம அம்மாவா?"

மாமியார் எழுந்து பையைத் திறந்தார். கூடத்திலிருந்த நாற்காலிகளை மாமனார் ஒவ்வொன்றாகச் சுவரோரம் நகர்த்தத் தொடங்கினார்.